புகை போடாத புத்தகங்கள்

என் அத்தானுக்குப் பூச்சி கொல்வதுதான் தொழில். அவரைப் பற்றி முதன்முதலில் எங்கள் வீட்டில் சொன்னபோது, "ரசாயனத் துறையில இருக்காரு" என்றாள் அக்கா. அதில் பொய் எதுவும் இல்லை.

வீட்டுக் கரப்பான், எறும்பு அவர் வேலையில்லை. தானியக் கிடங்குகளும் கப்பல் சரக்குப் பெட்டிகளும்தான். மூட்டை அடுக்கின் மேல் பெரிய தார்ப்பாயைப் போர்த்தி, ஓரங்களை மணல் பைகளால் அழுத்தி, உள்ளே மாத்திரைகளை வைத்துவிட்டு வெளியே வந்து கதவில் மண்டையோட்டுப் படத்தை ஒட்டுவார். மாத்திரை காற்றின் ஈரத்தில் கரைந்து வாயுவாகும். சில நாள் கழித்துத் திறந்தால் வண்டு, அந்து, புழு எல்லாம் கதை முடிந்து கிடக்கும். இதற்குப் புகை போடுவது என்று பெயர். புகை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் பெயர் அதுதான். சிகரெட்டையே தொடாத அத்தானைக் கம்பெனியில் எல்லோரும் 'புகை' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சி வண்டியில் அவள் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். வீட்டில் அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது என்று அத்தான் சொல்வார்.

அவர் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தது தொழில் பக்தியால்தான். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய புத்தகக் கடை உண்டு. அதன் முதலாளிக்கு 'அட்டை' என்று பட்டப்பெயர். எந்தப் புத்தகத்தையும் உள்ளே திறந்து பார்க்காமல் அட்டையை மட்டும் பார்த்து மதிப்புப் போடுவார் என்பதால் வந்த பெயர். அவரிடம் ஒருமுறை மாட்டியவர்கள் இன்னொரு அர்த்தத்திலும் சொல்வார்கள். அந்தக் கடையில் பூச்சி ஒழிப்பின் வரலாறு என்று ஒரு தடிப் புத்தகம் அத்தானுக்குக் கிடைத்தது. விடுமுறை நாளில் நாற்காலியைச் சன்னலோரம் போட்டு, கதைப் புத்தகம் படிப்பதுபோல் அதைப் படித்துக்கொண்டிருந்தார். சயனைடு வாயுவைப் பற்றிய அத்தியாயத்தின் கடைசியில் ஒரு வரி: 'இந்த வாயு போர்க்காலத்தில் வேறு விதமாகவும் பயன்படுத்தப்பட்டது.' அவ்வளவுதான். அடுத்த அத்தியாயம் எலிகளைப் பற்றியது.

'வேறு விதமாக' என்றால் என்ன விதமாக? அத்தான் நேராக அட்டையிடம் போய்க் கேட்டார். அட்டை ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். ஐரோப்பாவில் யூதர்களை முகாம்களில் அடைத்துக் கொன்றதைப் பற்றிய புத்தகம். அத்தானுக்கு அது அறவே தெரியாத விஷயம் இல்லை. எல்லோரையும் போலப் பள்ளிக்கூடத்தில் ஒரு பத்தி படித்திருந்தார். அந்தப் பத்தியில் மருந்தின் பெயர் இருக்கவில்லை.

புத்தகத்தில் ஓரிடத்தில் அவர் நின்றுவிட்டார். அந்த வாயுவை மனிதர்கள் தெரியாமல் சுவாசித்துவிடக் கூடாது என்று கண்ணைக் கரிக்கவைக்கும் ஒரு சரக்கை அதோடு சேர்ப்பது வழக்கம். சட்டமும் அதுதான். பூச்சிக்கு அது தேவையில்லை. பக்கத்தில் இருக்கும் மனிதன் ஓடித் தப்பிப்பதற்காகச் சேர்ப்பது. முகாமுக்கு அனுப்பும் டின்களில் மட்டும் அந்தச் சரக்கு வேண்டாம் என்று சொல்லி வாங்கியிருந்தார்கள்.

மறுநாள் வேலைக்குப் போனவர் சூப்பர்வைசரிடம் கேட்டார். "சார், எச்சரிக்கை வாசனையை எடுத்துட்டுக் குடுன்னு யாராவது கேட்டா குடுப்போமா?"

"யோவ் புகை, எவன்யா அப்படிக் கேப்பான்? சட்டம்னு ஒண்ணு இருக்கே."

"அங்கயும் இருந்துச்சு சார்."

சூப்பர்வைசருக்கு 'அங்கே' என்பது எங்கே என்று புரியவில்லை. அன்றைய கிடங்கு வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு அத்தானை வீட்டுக்கு அனுப்பினார். காய்ச்சல் என்று எழுதிக்கொண்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் வாயு பற்றிய புத்தகங்கள். பிறகு ரயில்கள். ஆட்களை ஏற்றிப் போன ரயில்களுக்கு அட்டவணை போட்டவர்கள் யார், அவர்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்று தேடினார். பிறகு விசாரணை மன்ற நடவடிக்கைகள், தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்கள். போர் முடிந்த கையோடு, அகதி முகாம்களிலேயே, கையில் கிடைத்த மட்டமான காகிதத்தில் அச்சடித்த சிறு பிரசுரங்கள் சிலவும் வந்து சேர்ந்தன. தொட்டால் பொரி மாதிரி நொறுங்கும். அவற்றைத் தேடிப் பிடிக்க அத்தான் யார் யாருக்கோ எழுதினார். அக்காவின் கூடம் கொஞ்சம் கொஞ்சமாக அலமாரியாகிக்கொண்டே வந்தது.

"வர்றவங்க உக்காந்து டீ குடிக்கிற இடம்ங்க இது," என்றாள் அக்கா. "நிமிர்ந்து பாத்தா ஒரே சாவு. பிஸ்கட் எறங்குமா?"

அத்தான் அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டு எல்லாப் புத்தகங்களுக்கும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டார். அதன் பிறகு கூடத்தைப் பார்த்தவர்கள், வீட்டில் யாரோ பெரிய பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். எப்போது பரீட்சை என்று சிலர் கேட்டும் இருக்கிறார்கள்.

அந்த அலமாரியில் அத்தானால் ஒரு வரிகூடப் படிக்க முடியாத புத்தகம் ஒன்று இருந்தது. காலமான ஒரு டாக்டரின் வீட்டைக் காலி செய்தபோது அட்டை மொத்தமாக அள்ளி வந்த மருத்துவப் புத்தகங்களுக்கு நடுவில் கிடந்தது. வலமிருந்து இடமாகப் போகும் எழுத்து. "இது ஒங்க சரக்கு மாதிரி தெரியுது," என்று சொல்லி அத்தானின் தலையில் கட்டினார். அத்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டார்: மொழி யித்திஷ், அந்தப் பக்கத்து யூதர்கள் வீட்டில் பேசியது. போலந்தில் இருந்த ஒரு சின்ன ஊரைப் பற்றிய நினைவுப் புத்தகம். ஊர் அழிந்தபின், உலகமெங்கும் சிதறிப் பிழைத்திருந்த கொஞ்சம் பேர் சேர்ந்து, ஆளுக்கு நினைவிருப்பதை எழுதி, தங்களுக்குள் வைத்துக்கொள்வதற்காகச் சில நூறு பிரதிகள் அச்சிட்டது. கடைசியில் இறந்தவர்களின் பெயர்கள். அபூர்வமான புத்தகம். அத்தான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அதன் படங்களை மட்டும் பார்ப்பார். ஆற்றங்கரையில் உயரமான புகைபோக்கியோடு ஒரு செங்கல் கட்டடத்தின் படம் வந்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவார். முகாம்களில் பிணம் எரித்த கட்டடங்களுக்கும் அப்படியொரு புகைபோக்கி உண்டு; அது என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அலமாரியின் கீழ்த்தட்டில் மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடந்தது. புத்தகம் தின்னும் வண்டு. பூச்சி மருந்துக்காரர் வீட்டிலேயே பூச்சி என்ற செய்தி கம்பெனியில் பரவி, அன்று யாரும் வேலை செய்யவில்லை. சிரித்து முடித்தபின் சூப்பர்வைசர் தங்கமான யோசனை ஒன்று சொன்னார். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பாயைச் சுற்றி ஒரே ஒரு மாத்திரை வை, ஆயிற்று.

அத்தான் மாட்டேன் என்றார்.

"ஏங்க," என்றாள் அக்கா, "ஊர்ல இருக்கிற கிடங்குக்கெல்லாம் போடுறீங்க. இதுக்குப் போட்டா என்ன?"

"இந்தப் புத்தகங்களுக்கு வாயு விட மாட்டேன்."

"புத்தகத்துக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

அக்கா அத்தோடு விட்டுவிட்டாள். பிரேக்கிலிருந்து காலை எடுத்தது போலிருந்தது. எனக்குத்தான் போன் செய்தாள். "டேய், ஒன் கடையில பெரிய ஃப்ரீசர் இருக்குல்ல?"

நான் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கிறேன். கடும் குளிரில் ரெண்டு மூன்று வாரம் வைத்தால் வண்டும் அதன் முட்டையும் செத்துவிடுமாம், புத்தகத்துக்கு ஒன்றும் ஆகாதாம். அத்தான் ஒவ்வொரு புத்தகத்தையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை உறிஞ்சி ஒட்டிக் கொண்டுவந்தார். பிஸ்தா, சாக்லேட் டப்பாக்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு இடம் கொடுத்தேன். 'விற்பனைக்கு அல்ல' என்று ஒரு சீட்டு ஒட்டினேன். அது தப்பாகப் போயிற்று. விற்பனைக்கு இல்லை என்றால் ஏதோ விசேஷமானது என்று எல்லோருக்கும் அதுவே வேண்டியிருந்தது. "அந்தப் பழுப்பு பாக்கெட்டு என்ன ஃப்ளேவர்?" என்று ஒரு அம்மா விடாமல் கேட்டார். "யூதர் வரலாறு" என்றேன். "இம்போர்ட்டடா?" என்றார். ஆமாம் என்று சொன்னேன்.

வண்டு செத்தது. புத்தகங்கள் திரும்ப வீட்டுக்குப் போயின. இந்த ஃப்ரீசர் கதையை அட்டை தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். கேட்டவர்களில் ஒருவர் மட்டும் சிரிக்காமல், "அதுல போலந்து ஊரைப் பத்தின புத்தகம் ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

அவர் ஒரு ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர். யூத அம்மா, ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். அட்டை முகவரி கொடுக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அத்தான் புத்தகத்தை மேசையில் வைத்து முதல் பக்கத்தைத் திறந்ததும் டீச்சர் அதில் இருந்த ஊர்ப் பெயரை வாய்க்குள் படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"எங்க அம்மா ஊருங்க," என்றார். "அவங்க வாயே தொறக்க மாட்டாங்க. கேட்டா, அங்க ஒரே சேறு, அவ்வளவுதான்னு சொல்லிடுவாங்க. இப்ப அவங்களும் இல்ல. நான் கொஞ்சம் பாக்கலாமா?"

அவருக்கு அந்த மொழி படிக்க வரும். அம்மாவிடம் கற்றது. அத்தான் அவரையும் கை கழுவ வைத்தார்.

டீச்சர் புரட்டிக்கொண்டே போய், புகைபோக்கிக் கட்டடத்தின் படத்தில் நின்றார். அத்தான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது குளிக்கிற எடம்," என்றார் டீச்சர்.

அத்தானின் முகம் செத்துவிட்டது. முகாம்களில் குளிக்கும் அறை என்று சொல்லித்தான் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள் என்பது அவர் படித்த எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. டீச்சர் கவனிக்கவில்லை. கீழே இருந்ததைப் படித்துப் படித்துச் சொன்னார்.

"ஊருக்குப் பொதுக் குளியல் வீடு. வெந்நீர் போடறவன் அடுப்புச் சூட்டுல தூங்கிடுவானாம். அடுப்பு அணைஞ்சு எல்லாரும் பச்சைத் தண்ணியில குளிச்சுட்டு வருவாங்களாம். அதனால ஊரே அவனைப் 'பச்சைத் தண்ணி'ன்னுதான் கூப்பிடுமாம். அவன் பொண்டாட்டி 'பச்சைத் தண்ணியம்மா'. எழுதினவர் சொல்றாரு, அந்தம்மாவோட நெஜப் பேரு யாருக்கும் ஞாபகமில்லையாம்."

முதலில் சிரித்தவள் அக்காதான். அத்தானுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. இத்தனை வருடமாகத் தன் அலமாரியில் இருந்த ஒரு வெந்நீர் அடுப்பைப் பார்த்துப் பயந்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைக்க நேரம் பிடித்தது.

புத்தகத்தை எடுத்துப் போங்கள் என்று அத்தான் சொன்னார். தனியாகப் படிக்கத் தெம்பில்லை என்றார் டீச்சர். அதனால் ஞாயிறுதோறும் வந்தார். ஒரு பக்கம் படிப்பார், எங்களுக்குச் சொல்வார். டீயைப் புத்தகத்திலிருந்து தூரமாக வைக்க வேண்டும் என்பது மட்டும் அத்தானின் கட்டளை.

அந்த ஊரில் தீயணைப்புப் படை ஒன்று இருந்தது. தண்ணீர் இறைக்கும் பம்பு ஒன்றே ஒன்று, அதுவும் பாதி நாள் ரிப்பேர். ஆனால் படைக்கென்று ஒரு முழு பேண்டு வாத்தியக் குழு இருந்தது. எங்கே தீப்பிடித்தாலும் பேண்டு முதலில் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு தையல்காரர் இருந்தார், பட்டப்பெயர் 'நாளைக்கு'. கேட்கும்போதெல்லாம் கால்சட்டை நாளைக்கு என்பாராம். எதிரெதிரே ரொட்டிக்கடை வைத்திருந்த இரண்டு ஓரகத்திகள் பேசிக்கொள்வதில்லை; ஒருத்தி கடையில் கூட்டம் இருந்தால் மற்றவள் தெருவில் தண்ணீர் கொட்டிப் பெருக்க ஆரம்பித்துவிடுவாள். அக்காவுக்கு இந்த ஓரகத்திகள் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளை மாற்றிவைத்துக்கொண்டாள்.

"மூத்தவ மேலதான் தப்பு," என்று பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொல்வாள். "சின்னவ வாயாடின்னு பேரு. ஆனா மனசு சுத்தம்."

அந்தக் காலத்தில் அத்தானின் புதுப் புத்தகங்கள் வேறு மாதிரி இருந்தன. யூத ஊர்களின் பள்ளிப் பாடநூல், ஒரு சதுரங்கச் சங்கத்தின் ஆண்டு மலர், நகைச்சுவைத் துணுக்குகள், சமையல் குறிப்பு. "எப்படிச் செத்தாங்கன்னு ஒரு செவுரு முழுக்க வெச்சிருக்கேன் மச்சான்," என்றார் என்னிடம். "அவங்க என்னென்ன சாப்பிட்டாங்கன்னு இப்பதான் தெரியுது." அட்டை, இதெல்லாம் வேறு பிரிவு என்று ஆட்சேபித்தார். அத்தான் ஒரே பிரிவுதான் என்றார்.

கடைசியில் பெயர்களின் பகுதி வந்தது. டீச்சர் புத்தகத்தை மூடி வைத்தார்.

"இது வேணுமா?" என்றார்.

அக்காதான், "இவ்வளவு தூரம் வந்துட்டோம். படிங்க டீச்சர்," என்றாள்.

டீச்சர் வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல், பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும் குரலில் படித்தார். முதலில் எங்களுக்கு அவை வெறும் சத்தங்களாகத்தான் இருந்தன. அக்கா திடீரென்று, "இந்தப் பேரு கேட்ட மாதிரி இருக்கே, இது யாரு?" என்றாள்.

டீச்சர் முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "தையல்காரர். 'நாளைக்கு'. பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம் ஒரே வரியில இருக்கு."

அக்கா தலையாட்டினாள். பச்சைத் தண்ணி இருந்தார். அவர் மனைவிக்குப் பெயருக்குப் பதில் 'மனைவி' என்று மட்டும் இருந்தது. பேண்டு ஏறக்குறைய முழுவதும் வந்துவிட்டது, பெரிய மேளக்காரரோடு. ரொட்டிக்கடை ஓரகத்திகள் ஒரே குடும்பப் பெயர் என்பதால் அகர வரிசையில் அடுத்தடுத்த வரியில் இருந்தார்கள். அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். தண்ணீர்க் குழாய் நெடுநேரம் திறந்தே இருந்தது. திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொண்டே வந்த டீச்சர் ஒரு பெயரில் நின்றார். விரலை அங்கே வைத்துக்கொண்டார்.

"எங்க அம்மா," என்றார்.

"அவங்க வீட்டு ஆளுங்களா?" என்று அத்தான் கேட்டார்.

"அவங்க வீட்டு ஆளுங்க மேல இருக்காங்க. தாத்தா, பாட்டி, மாமாங்க. அது எனக்குத் தெரியும். இது எங்க அம்மா. அவங்களே."

அத்தான் குனிந்து, தனக்குப் படிக்க வராத அந்த வரியைப் பார்த்தார். டீச்சரே சொன்னார். "எங்க அம்மா போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் செத்தாங்க. கட்டில்ல படுத்து, நான் போட்ட டீயில சக்கரை போதலைன்னு திட்டிக்கிட்டே செத்தாங்க."

அவர் அம்மா போருக்குப் பிறகு ஊர்க்காரர்கள் ஒருவரையும் தேடவில்லை. இந்த நாட்டுக்கு வந்துவிட்டார், கல்யாணத்தில் பெயர் மாறிற்று. புத்தகம் போட்டவர்கள் தேடிப் பார்த்திருப்பார்கள். கிடைக்கவில்லை என்றதும் இறந்தவர்களோடு சேர்த்துவிட்டார்கள். டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமாகச் சிரித்தார். பிறகு அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டியிருந்தது.

"தப்புன்னா திருத்தணும்," என்றாள் அக்கா.

நான் அத்தானைப் பார்த்தேன். அந்த அலமாரிப் பக்கம் யாரும் தும்மக்கூட முடியாது. புத்தகத்தில் ஒரு கோடு போட்டதற்காக என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவர். அவர் எழுந்து போய்ப் பேனா எடுத்து வந்தார்.

"பென்சில் போதுமே," என்றார் டீச்சர்.

"அழிஞ்சிடும்," என்றார் அத்தான்.

டீச்சர் ஓரத்தில், வலமிருந்து இடமாக, சின்ன எழுத்தில் எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று அக்கா கேட்டாள். 'தவறு. இவள் தப்பித்தாள். பொத்தான் கடை வைத்தாள். ஒரு மகள்.' மை காயும்வரை அத்தான் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு டீச்சர் அடுத்த பெயரைப் படித்தார். இன்னும் நிறையப் பக்கங்கள் இருந்தன.

அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி வெளிநாட்டில் ஒரு பெரிய நூலகத்தில் இருப்பதை அத்தான் கண்டுபிடித்து, இந்தத் தவறைப் பற்றி அவர்களுக்கு எழுதினார். தகவலுக்கு நன்றி, ஆனால் அபூர்வ நூல்களில் எதுவும் எழுதுவதில்லை என்பது எங்கள் விதி என்று மரியாதையாகப் பதில் வந்தது. அத்தான் அந்த விதியை ஏற்றுக்கொண்டார். அவருடைய விதியும் அதுதான்.

ஆக, அந்த அம்மா உயிரோடு இருப்பது இந்தக் கூடத்துப் பிரதியில் மட்டும்தான். விஷயம் கேள்விப்பட்டு அட்டை நேரிலேயே வந்து, புத்தகத்தைத் தூக்கிப் பார்த்து, "பேனா பட்டுடுச்சே, போச்சு போங்க," என்றார். உள்ளே திறந்து பார்க்க வேண்டும் என்று அவருக்கு அன்றுதான் முதன்முறையாகத் தோன்றியிருக்கிறது. அக்கா அவரைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னாள்.